கையில் பந்து, இருதயத்தில் வெறுமை
கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச்சின் வாழ்க்கை



சாயங்கால வேளையில் நம்ம ஏற்காட்டுப் பள்ளிக்கூடங்களின் பக்கமாக நடந்து போகிறவர்களுக்கு ஒரு சத்தம் நல்ல பழக்கம். தொம், தொம், தொம் என்று சிமெண்ட் தரையில் பந்து விழுகிற சத்தம். மூடுபனி இறங்கி, கூடையே கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் சில பிள்ளைகள் விடமாட்டார்கள். வார்டன் மணி அடித்துக் கூப்பிட்டால்தான் போவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதனின் ஞாபகம் வரும். பந்துக்காகவே பிறந்தவன் என்று உலகம் சொன்ன மனிதன். அவர் பெயர் பீட் மாராவிச். இந்த இதழில் அவருடைய வாழ்க்கையை உங்களுக்கு முன் வைக்க வாஞ்சிக்கிறேன்.

விளையாட்டுக்காரனுடைய கதை சபைப் பத்திரிகையில் என்னத்துக்கு என்று நம்முடைய பெரியவர்கள் சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கூடைப்பந்து என்கிற விளையாட்டே ஒரு கிறிஸ்தவ ஸ்தாபனத்தில் பிறந்ததுதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதை உண்டாக்கினார். அவர் வேதசாஸ்திரம் படித்தவர். பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த வாலிபர்களுக்கு உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. பீச் பழம் வைக்கிற இரண்டு கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அவ்வளவுதான். ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் போன தேசமெல்லாம் அந்த விளையாட்டும் போனது. நம்ம மெட்ராஸிலும் 1920ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். அங்கே படித்து வெளியே வந்த டிரில் மாஸ்டர்கள் பந்தையும் விசிலையும் எத்தனையோ ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படி ஆரம்பித்த விளையாட்டு, கொஞ்ச காலத்தில் பெரும் பணமும் பெரும் புகழுமான தொழிலாக மாறிப்போனது. அந்தத் தொழிலின் உச்சிக்குப் போய், அங்கே ஒன்றுமே இல்லை என்று கண்டு திரும்பி வந்தவர்தான் பீட்.

தகப்பனுடைய கனவு

பென்சில்வேனியா மாகாணத்தில் அலிகிப்பா என்று ஒரு ஊர். இரும்பாலைத்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. நம்ம மலைக்குக் கீழே இருக்கிற சேலத்துக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஊரில் குடியேறிய செர்பியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் பிரஸ் மாராவிச். சின்ன வயதில் பிட்ஸ்பர்க் பிரஸ் என்ற செய்தித்தாளை விற்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரும்பாலையிலிருந்து தப்பிக்க அவருக்குக் கிடைத்த ஒரே வாசல் கூடைப்பந்து. இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்து திரும்பி வந்து, கொஞ்ச காலம் தொழில்முறை அணிகளில் ஆடினார். ஆனால் அந்த நாட்களில் அந்தத் தொழிலில் பெரிய வருமானம் கிடையாது. தன்னால் எட்ட முடியாததை மகன் எட்ட வேண்டும் என்று அவர் மனதிலே தீர்மானம் பண்ணிவிட்டார்.

1947 ஜூன் 22ஆம் தேதி பீட் பிறந்தார். ஏழு வயதிலேயே பந்து கைக்கு வந்துவிட்டது. தகப்பன் அவனுக்கென்றே தனியாகப் பயிற்சிகளைக் கண்டுபிடித்தார். பந்தை இடுப்பைச் சுற்றி, கால்களுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு என்று விதவிதமான பயிற்சிகள். பையன் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பந்தைத் தட்டிக்கொண்டே போவான். சைக்கிளில் போனாலும் ஒரு கையில் பந்து துள்ளும். சினிமாக் கொட்டகைக்குப் போனால் நடைபாதை ஓரத்து சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, படம் முடிகிறவரை தரையில் தட்டிக்கொண்டிருப்பான். ராத்திரி படுக்கையில் மல்லாந்து படுத்து, பந்தை மேலே எறிந்து எறிந்து பிடித்து, கடைசியில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கிப்போவான்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். தகப்பன் காரை ஓட்டுவாராம். மகன் காருக்குள்ளிருந்து வெளியே சாய்ந்துகொண்டு ரோட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே வருவானாம். அப்பா வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பையன் பந்தை விடக்கூடாது. நம்ம சேலம் ரோட்டின் இருபது கொண்டை ஊசி வளைவில் யாராவது அப்படிச் செய்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்! ஆனால் அந்தத் தகப்பனுக்கு அது வேடிக்கை அல்ல. மகனுடைய எதிர்காலமே அந்தப் பந்தில் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினார்.

பீட் எட்டாம் வகுப்பிலேயே பெரிய பையன்களின் அணியில் சேர்ந்துவிட்டான். உயரமும் பலமும் அப்போது பத்தாது. அதனால் இடுப்புப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி எறிவான். உறையிலிருந்து துப்பாக்கியை உருவுவது போல இருந்ததால் பிஸ்டல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சாகிறவரை அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அந்த வீட்டில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. தகப்பன் மகனை உயிருக்கு உயிராக நேசித்தார். ஆனால் அந்த அன்பு முழுவதும் பந்து வழியாகவே வந்தது. தாய் ஹெலன் மெல்ல மெல்லக் குடிக்கு அடிமையானாள். மகனும் 14 வயதில் முதன்முறையாக பீர் குடித்தான். எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஆலயத்தின் படிக்கட்டிலே உட்கார்ந்து! ஆலயம் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் உள்ளே போகவில்லை.

44.2 என்ற எண்

1966ல் லூசியானா மாகாணத்தில் பேட்டன் ரூஜ் நகரத்திலுள்ள லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி பிரஸ் மாராவிச்சைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. அப்பாவோடு மகனும் மாணவனாகப் போனான். அந்தக் காலத்தில் முதல் வருஷ மாணவர்கள் யுனிவர்சிட்டியின் பிரதான அணியில் ஆடக்கூடாது. அந்த வருஷம் பிரதான அணி 26 ஆட்டத்தில் 3தான் ஜெயித்தது. முதல் வருஷப் பையன்கள் ஆடுகிற ஆட்டத்துக்கோ கூட்டம் அலைமோதியது. பீட் ஆடி முடித்தவுடன் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

பிறகு மூன்று வருஷம் பிரதான அணியில் ஆடினார். 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 44.2. கூடைப்பந்து தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழு அணியே சேர்ந்து எழுபது, எண்பது எடுக்கிற விளையாட்டில் ஒரே ஆள் ஒவ்வொரு ஆட்டமும் 44 எடுப்பது என்றால் என்ன! தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதிகூட அப்போது கிடையாது. எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். 2023ல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த அந்துவான் டேவிஸ் என்ற வாலிபன் மூன்று புள்ளி விதியும் இருக்க, ஐந்து வருஷம் ஆடி 144 ஆட்டங்களில் 3,664 புள்ளி எடுத்தான். மூன்றே மூன்று புள்ளி குறைவு! 2024ல் கெய்ட்லின் கிளார்க் என்ற பெண் வீராங்கனை பெண்கள் பிரிவில் ஆடி அந்த எண்ணைத் தாண்டினார். ஆண்கள் பிரிவில் பீட்டின் எண் அசையாமல் நின்றது.

தொளதொளவென்று இறங்கிக் கிடக்கும் சாம்பல் நிறக் காலுறை, நெற்றியில் துள்ளும் தலைமுடி, பார்க்காமலே பின்பக்கமாகத் தள்ளிவிடுகிற பந்து. இதைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றார்கள். இத்தனை புகழ் இருந்தும் ஆட்டம் முடிந்த ராத்திரிகளில் அவர் குடியைத் தேடிப் போனார். அந்தக் கல்லூரி நாட்களிலேயே ஒரு கிறிஸ்தவ முகாமில் சுவிசேஷத்தைக் கேட்டார். கூட வந்தவர்கள் சிலர் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். பீட்டோ தனக்கு வேண்டாம் என்று தீர்மானமாக ஒதுக்கிவிட்டார். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டால் கூடைப்பந்துக் கனவு போய்விடும் என்ற பயம். அந்த ராத்திரியை அவர் பிற்பாடு கண்ணீரோடு நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

பணம் வந்தது, சமாதானம் வரவில்லை

1970ல் என்.பி.ஏ. என்ற தொழில்முறை சங்கத்தில் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரை எடுத்தது. ஒப்பந்தம் சுமார் 19 லட்சம் டாலர். அந்தக் காலத்துக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. தகப்பன் கண்ட கனவு நிறைவேறிவிட்டது அல்லவா? இனிமேல் சந்தோஷம்தானே?

இல்லை, பிரியமானவர்களே. அந்தப் பணமே முதல் கண்ணியாக வந்தது. பல வருஷம் உழைத்த மூத்த வீரர்கள், நேற்று வந்த பையனுக்கு இவ்வளவா என்று முகம் கோணினார்கள். முதல் வருஷத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 23 புள்ளிக்கு மேல் எடுத்தார். ஆனால் சொந்த அணியிலேயே அந்நியனாக இருந்தார். இடையில் முகவாதம் வந்து முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போனது. அவர் இருந்த நாட்களில் அந்த அணி பட்டத்துக்கான சுற்றில் ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. இவர் தனக்காக ஆடுகிறவர், இவரோடு யாரும் ஜெயிக்க முடியாது என்று பத்திரிகைகள் எழுதின.

1974ல் அட்லாண்டா அவரை நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற புதிய அணிக்கு மாற்றிக்கொடுத்தது. அதே வருஷம் ஒரு பெரிய இடி விழுந்தது. வருஷக்கணக்காகக் குடியிலும் மனச்சோர்விலும் கிடந்த தாய் ஹெலன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஆயிரம் பேர் கைதட்டுகிற மகன், சொந்தத் தாயைக் காப்பாற்ற முடியாமல் நின்றான். இந்த இடத்தைச் சீக்கிரமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. நம்ம சபையிலும் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்து, உள்ளே நொறுங்கிப்போயிருக்கிற சகோதரிகள் இருக்கலாம். வீட்டில் யாராவது அப்படி இருந்தால் அது விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள், ஜெபியுங்கள், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

துக்கத்தை விழுங்கிக்கொண்டு பீட் ஆடினார். 1976ல் ஜாக்கி என்ற பெண்ணை விவாகம் பண்ணினார். 1976-77 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 31.1 புள்ளி எடுத்து முழு என்.பி.ஏ.விலும் முதலாவதாக வந்தார். 1977 பிப்ரவரி 25ஆம் தேதி நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68 புள்ளி எடுத்தார். அவரைத் தடுக்க நின்றவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் அல்ல. அந்தக் காலத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பேர் வாங்கிய வால்ட் ஃப்ரேசியரும் அதில் ஒருவர்.

அதற்கு அடுத்த வருஷமே, 1978 ஜனவரியில், காலுக்கு நடுவே ஒரு வித்தைப் பந்து கொடுக்கத் துள்ளியவர் தரையிறங்கும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டது. அதன்பிறகு அந்தக் கால் பழையபடி ஆகவே இல்லை. 1979ல் அணி யூட்டா மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. 1980 ஜனவரியில் அணி அவரை விடுவித்துவிட்டது. லாரி பேர்டு ஆடிக்கொண்டிருந்த பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. மூன்று புள்ளி விதி அந்தப் பருவத்தில்தான் என்.பி.ஏ.வுக்கு வந்தது. பீட் அந்தப் பருவம் முழுவதும் பதினைந்து முறை தூரத்திலிருந்து போட்டார், பத்து விழுந்தது. ஆனாலும் பட்டம் கிடைக்கவில்லை. அடுத்த பருவம் ஆரம்பிக்கும் முன்னே மனம் கசந்து ஓய்வு பெற்றார். அவர் விலகிய அந்தப் பருவத்திலேயே, 1981ல், செல்டிக்ஸ் பட்டம் வென்றது!

பத்துப் பருவங்கள், 658 ஆட்டங்கள், 15,948 புள்ளிகள். ஐந்து முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால் எந்த மோதிரத்துக்காக அப்பாவும் மகனும் அத்தனை வருஷம் ஓடினார்களோ, அந்தச் சாம்பியன் மோதிரம் மட்டும் விரலுக்கு வரவில்லை.

இரண்டு வருஷ இருட்டு

ஓய்வு பெற்றபின் பீட் வீட்டுக்குள் அடைபட்டார். வெளியே தலைகாட்டுவதே அபூர்வம். தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. பந்தைத் தொடவே மனமில்லை. ஏழு வயதிலிருந்து நான் யார் என்று கேட்டால் பந்துதான் பதில். பந்து போனபின் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

சமாதானம் எங்காவது கிடைக்காதா என்று தேடினார். யோகா, தியானம், விதவிதமான சாப்பாட்டு முறைகள், உபவாசம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டார். வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் தட்டு வரும் என்றுகூட நம்பி, தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி வீட்டுக் கூரையின்மேல் பெயிண்டால் எழுதி வைத்தாராம். சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. பூமியிலே எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு, இங்கே இருக்கப் பிடிக்காமல் வானத்தைப் பார்த்துக் கையாட்டுகிற மனிதனைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? சாலொமோன் ராஜாவும் வீடு, தோட்டம், பொன், பாட்டு, ஞானம் என்று ஒன்றுவிடாமல் அனுபவித்துப் பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தார் என்று பிரசங்கி புஸ்தகத்தில் வாசித்திருக்கிறோமே.

1982 நவம்பரில் ஒரு ராத்திரி. படுத்தால் தூக்கம் வரவில்லை. செய்த பாவங்கள் ஒவ்வொன்றாகப் படம் ஓடுவது போல கண்முன்னே ஓடின. விடியற்கால நேரம் ஆகியும் நிற்கவில்லை. வருஷங்களுக்கு முன்னே முகாமில் வேண்டாம் என்று தள்ளிவிட்ட அந்தக் கிறிஸ்துவை நினைத்தார். இத்தனை வருஷம் கழித்து, எல்லாம் போனபின் வருகிறேனே, என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று உடைந்து அழுதார். திடன்கொள்ளும்படி தன்னோடு ஒரு சத்தம் பேசினதாக அவரே பின்நாட்களில் சாட்சி சொன்னார். பக்கத்தில் படுத்திருந்த மனைவியை எழுப்பி, நீயும் கேட்டாயா என்று விசாரித்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்திருப்பாள். அந்த ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காற்படியிட்டு, எளிய வார்த்தைகளால் தன் வாழ்க்கையைக் கர்த்தரிடத்தில் ஒப்புக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 35.

பழைய தகப்பனும் புதிய மகனும்

அதற்குப் பிறகு இருந்தது ஐந்து வருஷந்தான். ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் அவர் மனம் ஓய்ந்து இருந்தது. குடி போனது. இரண்டு ஆண் பிள்ளைகளோடு வீட்டில் விளையாடுகிற அப்பாவானார். சிறுவர்களுக்குக் கூடைப்பந்து முகாம்கள் நடத்தினார். பகலில் பந்து, கூடவே நல்ல சாப்பாட்டைப்பற்றிப் போதனை, சாயங்காலத்தில் சாட்சி. பில்லி கிரகாம் நடத்திய பெருங்கூட்டத்திலும் நின்று தன் கதையைச் சொன்னார். கூடைப்பந்து வீரன் என்று தன்னை ஞாபகம் வைக்க வேண்டாம், கிறிஸ்தவன் என்று ஞாபகம் வைத்தால் போதும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரியமாகத் தெரிவது வேறொன்று. தகப்பன் பிரஸ் மாராவிச்சுக்குப் புற்றுநோய் வந்தது. சின்ன வயதில் மகனுக்கு மணிக்கணக்காகப் பயிற்சி கொடுத்த அந்தத் தகப்பன் படுத்த படுக்கையானார். இப்போது மகன் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சாப்பாடு கொடுத்தான், தூக்கிப் படுக்கவைத்தான், வேதத்தை எடுத்துச் சொன்னான். முரட்டு மனிதரான பிரஸ் தானும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அப்பா மகனுக்குப் பந்தைக் கொடுத்தார். கடைசி நாட்களில் மகன் அப்பாவுக்கு ஜீவனுள்ள நம்பிக்கையைக் கொடுத்தான். 1987 ஏப்ரலில் பிரஸ் நித்திரையடைந்தார். சீக்கிரத்தில் சந்திப்போம் என்று மகன் அவர் காதில் சொன்னதாகச் சொல்கிறார்கள்.

அடுத்த மாதமே, 1987 மே மாதத்தில், கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் பீட்டின் பெயர் சேர்க்கப்பட்டது. அந்த மேடையைப் பார்க்க முப்பது வருஷமாகக் காத்திருந்த தகப்பன் சில வாரங்களுக்கு முன்னே போய்விட்டார். அதே வருஷம் பீட்டின் சுயசரிதையும் வெளிவந்தது. கனவுக்கு வாரிசு என்று பொருள்படும் தலைப்பு. யாருடைய கனவு என்று உங்களுக்குத் தெரியும்.

சபையின் மைதானத்தில்

1988 ஜனவரி 5ஆம் தேதி. கலிபோர்னியாவில் பாசடீனா நகரம். ஜேம்ஸ் டாப்சன் என்ற கிறிஸ்தவ வானொலி ஊழியரின் நிகழ்ச்சிக்காக பீட் அங்கே போயிருந்தார். அதற்குமுன் காலையில் நசரேயன் சபையின் உள்ளரங்க மைதானத்தில் சில நண்பர்களோடு சும்மா ஒரு ஆட்டம். டிக்கெட் கிடையாது, கைதட்டல் கிடையாது, புள்ளிக் கணக்கும் பெரிதாக இல்லை. நடுவில் கொஞ்சம் இளைப்பாற நின்றார்கள். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று டாப்சன் விசாரித்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பீட் பதில் சொன்னார். அடுத்த கணம் அப்படியே தரையில் சாய்ந்தார். நண்பர்கள் மூச்சு ஊதிப் பார்த்தார்கள், நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை. வயது 40. வீட்டில் எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

உடலைப் பரிசோதித்த டாக்டர்கள் திகைத்துப்போனார்கள். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோக எல்லா மனிதருக்கும் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பிரதான இரத்தக்குழாய்கள் உண்டு. பீட்டுக்குப் பிறவியிலேயே இடது குழாய் இல்லை! வலது குழாய் ஒன்றே பெரிதாகி, இரண்டின் வேலையையும் செய்துகொண்டிருந்தது. இப்படிப் பிறக்கிறவர்கள் பெரும்பாலும் வாலிபத்தைத் தாண்டுவதில்லை என்கிறார்கள். இவரோ அந்த இருதயத்தோடு மூன்று பருவம் கல்லூரியிலும், பத்துப் பருவம் உலகத்தின் மிகக் கடினமான ஆட்டத்திலும் ஓடினார். அவருக்கே அது தெரியாது. அவரை ஓடவைத்த தகப்பனுக்கும் தெரியாது.

இன்னொரு காரியத்தைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். 1974ல், பேரும் புகழுமாக இருந்த நாட்களில், ஒரு பத்திரிகை நிருபரிடம் பேசும்போது, பத்து வருஷம் தொழிலாக ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பில் சாக எனக்கு இஷ்டமில்லை என்று பீட் சொல்லியிருந்தார். ஆடினது சரியாகப் பத்துப் பருவம். போனது நாற்பதாவது வயதில், இருதயத்தால். இதை வைத்து நான் ஒரு உபதேசம் கட்டப்போவதில்லை. நம்முடைய நாட்கள் நம் கையில் இல்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

அவர் போனபின் அதே 1988ல் பேட்டன் ரூஜின் யுனிவர்சிட்டி அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1996ல் என்.பி.ஏ. தன் ஐம்பது சிறந்த வீரர்களைத் தெரிந்தெடுத்தபோது, அந்தப் பட்டியலில் உயிரோடு இல்லாத ஒரே ஆள் அவர்தான். விழா மேடையில் அவருக்காக நின்றது அவருடைய இரண்டு மகன்கள்.

நமக்கு என்ன?

அருமையான வாலிபத் தம்பிகளே, தங்கைகளே, விளையாடுவது பாவம் என்று நான் எழுதவில்லை. நன்றாக விளையாடுங்கள். பீட்டைப் போல உழைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஏழு வயதிலிருந்து ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டு உழைத்தாரே, அந்த உழைப்பில் பாதி நம்மிடத்தில் இருந்தால் எவ்வளவு நல்லது! ஆனால் பந்து உங்கள் கையில் இருக்கட்டும். இருதயத்தின் சிங்காசனத்தில் அதை உட்காரவைக்காதீர்கள். அந்த இடத்தில் அது தாங்காது. மதிப்பெண்ணும் தாங்காது, சம்பளமும் தாங்காது.

தகப்பன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். என் மகன் பத்தாம் வகுப்பு படித்த வருஷம், அவன் சாப்பிட்டாயா என்று கேட்டதைவிட எத்தனை மார்க் என்று கேட்டதுதான் அதிகம். நான் படிக்க ஆசைப்பட்டு முடியாமல் போனதை அவன் தலையில் வைத்தேன். ஒருநாள் ராத்திரி அவன் புஸ்தகத்தின்மேல் முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பந்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கிய அந்தச் சிறுவன் என் ஞாபகத்துக்கு வந்தான். அவனை எழுப்பி மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். ஆனால் அடுத்த நாளிலிருந்து சாப்பிடும்போது என்னோடு பேச ஆரம்பித்தான்.

நம்ம எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தை எதற்கு வைக்கிறோம்? காபிச் செடிக்கு நிழல் கொடுக்க, மிளகுக் கொடி பற்றி ஏற. நிழல் வேண்டும். ஆனால் நிழல் அதிகமாகிவிட்டால் காபி பூக்காது, காய்க்காது. காலத்துக்குக் காலம் கிளையைக் கழித்துவிட வேண்டும். பிள்ளைகளின்மேல் நாம் போடுகிற நிழலும் அப்படித்தான். உங்கள் கனவில் எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும் என்று கர்த்தரிடத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பீட்டுக்குள் ஒரு குறை இருந்தது, வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள், ஒருவரும் அதைக் காணவில்லை. சரீரத்திலிருந்த அந்தக் குறை கடைசிவரை குறையாகவே இருந்தது. கர்த்தர் அதை மாற்றவில்லை. மோதிரத்தையும் கொடுக்கவில்லை, நீண்ட ஆயுசையும் கொடுக்கவில்லை. ஆனால் ஆத்துமாவிலிருந்த வெறுமையை நிரப்பினார், தகப்பனையும் மகனையும் ஒரே விசுவாசத்தில் சேர்த்தார். ஒரு சபையின் மைதானத்தில், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய மனிதனாக அவரை மாற்றினார். அது போதாதா?

இன்று சாயங்காலம் மைதானத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்கும்போது, தொம், தொம் என்று கேட்கும்போது, உங்கள் நெஞ்சில் கையை வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொடுத்தவர் யார், அது எதுவரைக்கும் அடிக்கும் என்று நமக்குத் தெரியாது. அடித்துக்கொண்டிருக்கும்போதே அதை அவரிடத்தில் ஒப்புக்கொடுப்போம். கர்த்தர் தாமே இந்த வார்த்தைகளை நம்முடைய குடும்பங்களுக்கு ஆசீர்வாதமாக்குவாராக. ஆமென்.